கடவுச்சொல்லும் கணையாழியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றில் வீட்டு ரவுட்டரைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியின் காதைத் திருக எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். இந்த ரவுட்டர் என்பதும் வானொலியின் குலத்தைச் சேர்ந்ததுதான். இரண்டும் கம்பியில்லாமல் அலையில் பேசுகின்றன. வேற்றுமை ஒன்றே. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் வானொலி தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, நான் பேசுவதைக் கேட்க உங்களுக்கு எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. பெட்டியைத் திறந்தால் போதும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் லயத்தில் தொங்கல் காம்பராவில்தான் வானொலி இருந்தது. ஒரு வீட்டில் பாடினால் ஆறு வீடும் கேட்கும். தடுப்புச் சுவர் கூரை மட்டும் எட்டாத லயங்களில் அதைத் தடுக்கவும் முடியாது. ரவுட்டரின் அலையும் அப்படியே சுவரைத் தாண்டிப் போகிறது. ஆனால் அதனைத் திறக்க ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைப் பற்றியதே இன்றைய பேச்சு.

அதற்குக் ‘கடவுச்சொல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல பெயர். கடவு என்றால் வழி. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று நம் நாட்டில் வீதியோரப் பலகைகளிலேயே அந்தச் சொல்லின் உறவுகள் நிற்கின்றன. கடவுச்சீட்டும் இந்தக் குடும்பம்தான். ஆனால் மலையகத்து முதியவர் ஒருவரிடம் கடவுச்சீட்டு என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் வெளிநாட்டுப் பயணத்தின் மகிழ்ச்சி தோன்றாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், தலைமன்னார்க் கரையில் பிரிந்த உடன்பிறப்பும் அவர் நினைவில் வந்து நிற்கும். அதற்கும் முன்னே ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. வாயிலில் நின்று ‘உன்னிடம் என்ன இருக்கிறது, காட்டு’ என்று கேட்கப்பட்டே பழகிய மக்கள் நாங்கள். அத்தகையவன் தன் வீட்டு வாயிலிலே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிறரைக் கேட்க நேர்ந்தபோது என்ன நடந்தது என்பதையே சொல்லப் போகிறேன்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கி ஓடும் நெடுஞ்சாலையில், எம்பிலிப்பிட்டிய பக்கமாக ஒரு வீதி பிரிகின்ற சந்தியே பெல்மதுளை. சந்தியை விட்டு மேலேறினால் தேயிலையும் இறப்பரும். என் வீடு அந்த ஏற்றத்தில், லயத்துக்கு மேலே, வீதிக்குக் கீழே. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களைக் கையடக்கத் தொலைபேசி வழியே நடத்தும்படி ஆயிற்று. மலைப்பகுதிப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய செய்திகளை அந்நாளில் நீங்களும் வாசித்திருப்பீர்கள். அவ்வேளையில்தான் நான் கடன்பட்டு வீட்டுக்கு ஓர் இணைய இணைப்பு எடுத்தேன். பொருத்த வந்த தம்பி, ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, “சேர், இதான் பாஸ்வேர்ட். இத அடிச்சா சரி” என்றார். அதனை இஸ்தோப்புச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில், வெண்கட்டியால் பெரிதாக எழுதினேன். ஆசிரியன் பழக்கம்! சுவரைக் கண்டால் கை சும்மா இராது.

லயத்துப் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் இஸ்தோப்பில் இருந்தார்கள். பிறகு வீதியோர மதகுக் கட்டில் இருந்தார்கள், ஏனெனில் அலை அதுவரை எட்டியது. நான் அனுப்பிய பாடத்தை என் வீட்டு அலையிலேயே வாங்கிப் படித்தார்கள். அதனை என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்றாக எண்ணி மனம் பூரித்திருந்ததை மறைக்க மாட்டேன்.

பெருந்தொற்று போயிற்று, பாடசாலை திறந்தது, வெண்கட்டி எழுத்து மட்டும் அழியவில்லை. மாதத்துக்கென்று வாங்கிய டேட்டா பதினைந்தாம் நாளே தீர்ந்தது. உயர்தரம் படிக்கும் என் மகள் முணுமுணுத்தாள். நான் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. 2024 பெப்ரவரியில் ஒருநாள் மாலை, கீழ் லயத்தைச் சேர்ந்த ஒரு தகப்பன் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“சேர் கோவிச்சுக்காதீங்க. நம்ம புள்ளயோட படத்தப் போட்டு, கள்ளப் பேருல அசிங்கமா எழுதியிருக்கானுங்க. புடிச்சிக் கேட்டா, சேர் வீட்டு வைஃபையிலதான் இருந்தோம்ங்கிறானுங்க. அதான்... சேருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு வந்தேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எதிர்வாதம் பேசியிருப்பேன். பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் மூன்று நாளாக வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை என் மாணவி.

நேயர்களே, இவ்விடத்தில் கொஞ்சம் தொழினுட்பம் சொல்ல வேண்டும். ஒரு ரவுட்டரின் பின்னால் எத்தனை தொலைபேசிகள் இருந்தாலும், வெளியுலகுக்கு அவை யாவும் பொதுவாக ஒரே முகவரியாகவே தெரியும். ஒரு லயத்துக்கு ஒரே தபாற்பெட்டி இருப்பது போல. விசாரணை என்று வந்தால் அது முதலில் தட்டும் கதவு, இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அதுமட்டுமன்று. சுவரில் எழுதியதைப் பார்த்து எவரும் உள்ளே வந்து, ரவுட்டரின் அமைப்பையே மாற்றிவிடவும் கூடும். தொழிற்சாலையில் வைத்த சொல்லை மாற்றாமல் விடுவதால் என்ன விளையும் என்பதற்கு 2016இல் உலகமே ஒரு சாட்சி கண்டது. ‘மிராய்’ என்று பெயரிட்ட ஒரு தீநிரல், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட வழமையான பெயர்–சொல் இணைகளை வைத்துக்கொண்டு வீட்டுக் கமராக்களையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவை இலட்சக்கணக்கில். அவற்றையெல்லாம் படையாகத் திரட்டி அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். படையில் சேர்ந்த வீட்டுக்காரருக்குத் தன் பெட்டி போருக்குப் போனதே தெரியாது.

அன்றிரவு மகளை அழைத்து, “சொல்லை மாற்று” என்றேன். அவள் மாற்றவில்லை. “நீங்களே செய்ங்கப்பா, நான் சொல்றேன்” என்றாள். அவள் சொன்ன முறையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன், தேவைப்படுவோர் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வைஃபையிலேயே தொலைபேசியையோ கணினியையோ இணைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தளப் பெயர் எழுதும் இடத்தில் 192.168.1.1 என்றோ, 192.168.0.1 என்றோ, உங்கள் ஸ்டிக்கரில் உள்ளபடி இலக்கத்தை இட வேண்டும். ஒரு கதவு தோன்றும். அது ரவுட்டரின் சொந்தக் கதவு. அதற்கு வேறொரு பெயரும் சொல்லும் உண்டு. அவையும் ஸ்டிக்கரிலேயே பெரும்பாலும் இருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வைஃபைச் சொல் வேறு, ரவுட்டரின் நிருவாகச் சொல் வேறு. முதலாவது வீட்டு வாசல் திறப்பு. மற்றது அந்தப் பூட்டையே மாற்றும் திறப்பு. இரண்டையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றுவது அரைவேலை. உள்ளே போனால் வயர்லெஸ் என்ற பகுதி. அதில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டபிள்யூஈபி என்று இருந்தால் அது 1997இன் பூட்டு. 2001இலேயே அதன் குறையை ஆய்வாளர் காட்டிவிட்டனர். பிறகு புதிய சொல்லை இட்டுச் சேமித்தால், அந்தக் கணமே வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் அறுந்து விழும். பயப்பட வேண்டாம். புதிய சொல்லைக் கொடுத்து ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டியதுதான்.

மாற்றுவதற்கு முன் மகள் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். எங்கள் வீட்டில் இருந்தவை நான்கு. பட்டியலில் இருந்தவை பதினேழு.

இனி எந்தச் சொல்லை வைப்பது? இதுவே எனக்கு இலக்கியப் பிரச்சினையாகிவிட்டது. எட்டு எழுத்துக்குக் குறையாமலும் அறுபத்துமூன்றுக்கு மேற்படாமலும் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தும் இலக்கமும் குறிகளும்தான். தமிழ் எழுத்தை அந்தக் கட்டம் ஏற்காது. இருபது ஆண்டு தமிழ் கற்பித்தவன் தன் வீட்டு வாசலில் தன் மொழியில் ஒரு சொல் வைக்க முடியாமல் நின்றேன். பலர் செய்வது தொலைபேசி இலக்கம், பிள்ளையின் பெயர், கோயிலின் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. ஊரார் முதலில் ஊகிப்பதும் அவற்றையே. நான் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினேன். அவற்றுள் ஒன்றில் ழகரம் வந்தது. மகள் அதற்கு இசட், எச் போட்டாள். என் மனைவி வெறும் எல் போட்டுவிட்டு, “திறக்கேல்லையே” என்று இரவு பத்து மணி வரை தொலைபேசியோடு மல்லுக்கு நின்றாள். அவர் யாழ்ப்பாணத்தவர், அவர் எழுதியது அவருக்குச் சரி. ழகரத்தை எப்படி எழுதுவது என்பதிலே ஒரு வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாதபோது திருடன் எப்படி ஊகிப்பான் என்று தேற்றிக்கொண்டேன்.

மாதந்தோறும் மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமொன்று 2003இல் குறியும் இலக்கமும் கலந்த சிக்கலான சொல்லை வைத்து அடிக்கடி மாற்றுமாறு உலகுக்கு உபதேசித்தது. அதே நிறுவனம் 2017இல் அதனைத் திருத்தி, நீளமே வலிமை என்றும், வெளியே கசிந்ததற்குச் சான்று இருந்தால் மட்டும் மாற்றினால் போதுமென்றும் சொல்லிற்று. பழைய அறிவுரையை எழுதிய பில் பர் என்பவரே அதற்காக வருந்துவதாகக் கூறினார். என் சொல்லோ கசிந்ததன்று. நானே சுவரில் எழுதிக் கொடுத்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கம்பராமாயணத்தில் ஒரு இடம் நினைவுக்கு வந்தது. அசோகவனத்தில் சீதை முன் அனுமன் நிற்கிறான். முன்பு ஒருவன் தவவேடத்தில் வந்து அவளைக் கவர்ந்தவன். ஆதலால் வந்தவனை எங்ஙனம் நம்புவாள்? கணையாழியைக் கொடுக்கிறான். அது மட்டுமா? மோதிரம் களவு போகக்கூடிய பொருள். ஆகவே தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தவற்றை இராமன் முன்னரே அனுமனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவற்றைச் சொல்லக் கேட்ட பின்பே அவள் மனம் திறக்கிறது. இதனை வகுப்பில் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் அதன் மறுபாதியை அன்றைக்குத்தான் கவனித்தேன். சீதை மறுமொழியாகச் சூடாமணியைக் கொடுத்து அடையாளம் சொல்லும்போது, இராமன் சொல்லியனுப்பியதையே திருப்பிச் சொல்லவில்லை. காகத்தின் கதையைச் சொல்கிறாள். தன் கிளிக்கு என்ன பெயரிடுவது என்று கேட்டதற்கு, கைகேயியின் பெயரை இடு என்று இராமன் சொன்னதைச் சொல்கிறாள். புதிய சொல்! முந்தியது ஒரு தூதன் வாயில் வந்துவிட்டது. இனி அது இருவருக்கு மட்டும் உரியதன்று. கம்பன் கணினி படித்தவனல்லன். ஆனால் ஒரு சொல் எப்போது பழசாகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சிலம்பிலும் இதே நுட்பம் உண்டு. பொற்கொல்லன் சிலம்பின் புறத்தை அறிவான். அகத்தே முத்தா மாணிக்கமா என்பது உடையவளுக்குத்தான் தெரியும். மாணிக்கத்தின் ஊராகிய இரத்தினபுரியிலே அந்தக் காதையைப் படிப்பிப்பதில் எனக்குத் தனி இன்பம் உண்டு. அது நிற்க.

கணினிக்கு முதன்முதலாகக் கடவுச்சொல் வந்த கதை இன்னும் சுவையானது. 1961ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் அதன் தலைவர். அவரவர் கோப்பு அவரவர்க்கு, அவரவர் நேரம் அவரவர்க்கு என்று பிரிப்பதற்காக ஆளுக்கொரு சொல் கொடுத்தார்கள். அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கிடைத்தது. அவர் வேலைக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோருடைய சொற்களும் அடங்கிய கோப்பைத் தாளில் அச்சிட்டுக்கொண்டார். பிறர் நேரத்தில் தன் ஆய்வை நடத்தினார். பல்லாண்டு கழித்து அவரே அதனை ஒப்புக்கொண்டார். இதனை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதாத மணிநேரமும், படிக்க வேண்டிய பையனும், பிறருடைய சொல்லும்! அந்த மாணவர் எங்கள் மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தவர்தாம்.

ஆம், மறுநாள் மதகுக் கட்டு வெறிச்சோடியிருந்தது. ஒருவன் மட்டும் இருந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவன். தாய் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கள்ளப் பெயரில் எழுதிய கூட்டத்தில் அவன் இல்லை என்பதை நான் விசாரித்து அறிந்திருந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். தொலைபேசியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். நான்கைந்து நாள் இப்படியே கழிந்தது. பிறகு அவனும் வரவில்லை.

அவன் தாயைப் பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்டேன். “மகன் படிக்கிறானா அக்கா?” என்றேன்.

“படிக்கிறான் சேர். டவுன்ல கடையில காசு குடுத்துப் பேப்பர் பிரிண்ட் எடுக்கிறான். ஒரு பேப்பருக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்க. பரவாயில்லீங்க சேர்.”

அந்தப் ‘பரவாயில்லீங்க’ என்ற சொல்லோடு வீடு வந்து சேர்ந்தேன். மகளிடம் கேட்டபோது, “இதத் தானே அப்பா நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க கேட்கல்ல” என்றாள். எங்களுடையதைப் போன்ற பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி அலை ஒன்றை வைக்கும் வசதி இருக்கிறதாம். அதற்குத் தனிப் பெயர், தனிச் சொல். அதில் வருவோர் வீட்டுக் கருவிகளைத் தொட முடியாது. வேண்டாதபோது அதனை மட்டும் மூடிவிடலாம். பழைய வீடுகளின் திண்ணையைப் போல என்று நினைத்துக்கொண்டேன். வழிப்போக்கர் படுக்கலாம், உள்வீட்டுக் கதவு தாழிட்டிருக்கும். ஆனால் திண்ணையில் படுத்தவன் செய்யும் குற்றத்துக்கும் வெளியுலகில் முகவரி என்னுடையதே. ஆகையால் சொல்லைச் சுவரில் எழுதவில்லை. அந்தப் பையனையும், கேட்டு வந்த வேறு மூவரையும் தனித்தனியே அழைத்து, தாய் தந்தையரும் இருக்க, கையில் கொடுத்தேன். அவமானப்பட்ட பிள்ளையின் தகப்பனிடம் முதலிலே சென்று, இப்படிச் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் கழித்து, “நம்ம புள்ளைக்கும் குடுங்க சேர்” என்றார். அது எனக்கு எதிர்பாராதது.

ஏப்ரலில் எங்கள் பக்கத்தில் இடியும் மின்னலும் எப்படி இருக்குமென்று சபரகமுவ நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி கேட்டதும் ரவுட்டரின் வயரைக் கழற்ற வேண்டும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அன்று வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. வந்து பார்த்தபோது பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. ஒரு தம்பி வந்து, பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியைச் செலுத்திச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். உயிர் வந்தது. நன்றி சொல்லி அனுப்பினேன்.

பத்து நிமிடம் இராது. மதகுப் பக்கமிருந்து கலகலவென்று சத்தம். மகள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “அப்பா, ரீசெட் பண்ணினா ஸ்டிக்கர்ல உள்ள பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் வந்திரும். அவங்க போனெல்லாம் அத மறக்கல்ல. தானாக் கனெக்ட் ஆகியிருக்கு.” நாங்கள் மாற்றியதை மனிதர் அறிந்திருந்தார்கள், அவர்களுடைய தொலைபேசிகள் இரண்டு மாதமாகப் பழைய வாசலையே தட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன.

மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டியதாயிற்று. மகளுக்கு மறுநாள் தவணைச் சோதனை. ஆகவே மதகிலிருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டேன். செருப்பை இஸ்தோப்பில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ரவுட்டரைக் கவிழ்த்து இலக்கத்தைப் பார்த்தான். நான் சொல்வதற்கு முன்னரே கதவைத் திறந்தான். நிருவாகச் சொல்லை நான் இடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வீட்டுச் சொல்லும் முடிந்தது. இனித் திண்ணைச் சொல். “நீயே ஒன்று வை” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். இரண்டு விரலால் தட்டத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“சேர், ‘ழ’னாவுக்கு என்னா போடணும்?”